ஃபியூஸ் அண்ணாச்சியும் கடைசி நாள் கானமேளாவும்

இசையைக் கெடுப்பதற்கென்றே எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட திருவனந்தபுரத்துச் சாலை பஜாரின் ஃபியூஸ் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வர முடியாது. அவருக்குப் பாடத் தெரியாது. தாளம் தெரியாது. சொந்தக் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரிடம், "கொஞ்சம் நிறுத்தும் ஓய், சாம்பார் வாளி எங்கன்னு கேட்டா ஒருத்தன் காதுலயும் விழ மாட்டேங்கு" என்று சொன்னவர். ஆனால் எங்கள் பஜாரில் எந்தக் குழு பெரிய குழு என்று தீர்மானித்தது அவர்தான். இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது.

தொண்ணூறுகளில் நடந்த கதை. எங்கள் பஜாரில் பாதி தமிழர் கடைகள். அம்மன் கோயில் திருவிழா மூன்று நாள். மூன்று சாயங்காலமும் மெல்லிசைக் கச்சேரி உண்டு. இங்கே அதற்குக் கானமேளா என்று பெயர். முதல் நாள் கிடைத்தவன் கத்துக்குட்டி. இரண்டாம் நாள் கிடைத்தவன் பரவாயில்லை. கடைசி நாள் கிடைத்தவன் ராஜா. அதற்குப் பிறகு வருஷம் முழுக்க அவனைக் கோயில் கோயிலாகக் கூப்பிடுவார்கள். நான் ஒரு குழுவில் கரண்டில் ஓடும் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசித்தேன். செல்வன் என்று ஒருவன் பாடினான். எங்களுக்குக் கடைசி நாள் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

யாருக்கு எந்த நாள் என்பதை அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் மாடியில் கமிட்டி கூடி முடிவு செய்யும். தலைவர் ஜவுளிக்கடைக்காரர். அவருக்குக் கொச்சிக் குழு ஒன்றின் மேல் காதல்.

"ரெண்டு கீபோர்டு உண்டு. புகை மெஷின் உண்டு. அடிபொளியாக்கும்."

அண்ணாச்சி எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். மேடைக்கு விளக்கும் வயரும் அவர் இனாமாகத் தருவது. அதனால் அவர் வாயை யாரும் மூட முடியாது.

"புகை வேணும்னா நாலு பச்ச மட்டையக் கொளுத்தும். ரெண்டு கீபோர்டு என்னத்துக்கு? ரெண்டு பொண்டாட்டி இருந்தா சோறு ரெண்டு மடங்கு ருசிக்குமா?"

"பின்னே நல்ல குழுன்னு எப்படிப் பாக்குறது அண்ணாச்சி?"

"கரண்ட் போனா என்ன செய்யுதான்னு பாக்கணும். கரண்ட் இருந்தா என் கடை மிக்ஸிகூடத்தான் சத்தம் போடும்."

எல்லோரும் சிரித்தோம். தினமும் அரைமணி நேரம் மின்வெட்டு இருந்த காலம், கிழவர் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தோம். அந்த வருஷம் முதல் நாள் கச்சேரியில், வெள்ளை கோட்டுப் பாடகர் ஒருவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி நிதானமாக எழுந்து போய் ஃபியூஸைப் பிடுங்கினார். கும்மிருட்டு. பாடகர் மேடையை விட்டு இறங்கி, நாற்காலியும் சோடாவும் கேட்டார்.

"ஆளு தோத்தாச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஃபியூஸை மாட்டினார் அண்ணாச்சி.

இரண்டாம் நாள் குழுவின் பாட்டுக்காரப் பெண் மைக் செத்த பிறகும் கைதட்டியே பாட்டை முடித்தாள். அடுத்த வருஷக் கடைசி நாள் அவளுக்கு. அவ்வளவுதான், பஜாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாழைக்காய் மண்டியிலும் சலூனிலும் ஒரே தர்க்கம். நல்லாப் பாடுகிறவன் யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இருட்டில் நிற்கிறவன் யார் என்றுதான் கேட்டார்கள். ஒரு குழு சொந்த ஜெனரேட்டர் கொண்டுவந்தது. "பரீட்சைக்கு வாத்தியாரக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பினார்.

அடுத்த வருஷம் எங்கள் முறையும் வந்தது. நடுப்பாட்டில் இருட்டு. செல்வன் "மின்வாரியம் ஒழிக" என்று கத்தினான். நான் டிரம்ஸ் குச்சியோடு குதித்து ஓடினேன். அண்ணாச்சி கையில் ஃபியூஸோடு நின்றார்.

"பாட வந்தவன் பாடணும்லே. அடிக்க வாறவனுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு."

அதற்கடுத்த வருஷம் விடக்கூடாது என்று மிளகாய்க் கிட்டங்கியில் விளக்கை அணைத்துப் பயிற்சி எடுத்தோம். கிடார்காரன் மூட்டை மேல் விழுந்தான். அன்று பாடியதைவிடத் தும்மியதுதான் அதிகம். ஆனாலும் கற்றுக்கொண்டோம். ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு தேங்காய்ச் சிரட்டை, கைதட்டல். இவை போதும், எந்த இருட்டிலும் நிற்போம். மார்பை நிமிர்த்தி மேடை ஏறினோம்.

அந்தப் பாவி மனுஷன் ஃபியூஸைப் பிடுங்கவே இல்லை! முன்வரிசையில் உட்கார்ந்து கப்பலண்டிக் கடலை தின்றுகொண்டிருந்தார். இப்போது போகும், இப்போது போகும் என்று அவர் கையையே பார்த்துப் பாடினோம். ஒரு பாட்டும் உருப்படவில்லை.

"இருட்டுக்குத் தயாரா வந்தவன் வெளிச்சத்துல பாட மறந்துட்டான்" என்றார்.

இதற்குமேல் மனிதனுக்கு என்ன கொடுமை வேண்டும்?

எங்களுக்கு மூன்றாவது வருஷம், செல்வனுக்கு துபாய் விசா வந்துவிட்டது. திருவிழா முடிந்த அடுத்த வாரம் விமானம். அவன் போனால் குழு கிடையாது. மானத்தை விட்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இனி எங்களுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. கடைசி நாளத் தாங்க."

"போறவனுக்கு வழியனுப்பு விழா வேற நடத்து. கடைசி நாள் பாவம் பாத்துக் கொடுக்கது இல்ல. வேணும்னா முதல் நாள் பாடு."

"முதல் நாள உங்க மிக்ஸிக்குக் கொடுங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடைசி நாள் கொச்சிக் குழுவுக்குப் போயிற்று. தலைவருக்குக் கொண்டாட்டம்.

கேரளத்தில் தெய்வத்தைவிட ஹர்த்தாலுக்கு சக்தி அதிகம். கடைசி நாளன்று யாரோ ஒரு கட்சி ஹர்த்தால் அறிவித்தது. ஒரு வண்டி ஓடவில்லை. சாயங்காலம் கடையடைப்பு முடிந்து ஜனம் மேடை முன்னால் கூடிவிட்டது. கொச்சிக் குழுவின் வேன் கொல்லத்தையே தாண்டவில்லை.

"இனி எந்து செய்யும் அண்ணாச்சி?" என்று தலைவர் வியர்வையைத் துடைத்தார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "மேடையில கேறுங்கலே."

"பாவம் பாத்தா?" என்றேன்.

"ஆள் இல்லாமையாக்கும்."

அந்தத் திமிருக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். செல்வன் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனான். முதல் இரண்டு பாட்டும் பிரமாதம். மூன்றாவது பாட்டில் விளக்கெல்லாம் அணைந்தது.

"அண்ணாச்சீ...!" என்று கூட்டம் மொத்தமும் ஊளையிட்டது. யாரோ டார்ச் அடித்தார்கள். அண்ணாச்சி முன்வரிசையில்தான் இருந்தார். கையில் கப்பலண்டிப் பொட்டலம். பிறகுதான் பார்த்தோம், பஜார் முழுக்க இருட்டு. இது நிஜமான மின்தடை.

செல்வன் நிறுத்தவில்லை. நான் வாளியைக் கவிழ்த்தேன். கிடார்காரன் சிரட்டையை எடுத்தான். ஜனம் கைதட்டிக்கொண்டே கூடப் பாடியது. பாட்டு முடிந்து கூட்டம் மூச்சு வாங்கிய அந்த அமைதியில், மேடைக்குப் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைக்குள்ளிருந்து ஒரு குரல் தெருவுக்கே கேட்டது. அண்ணாச்சி இருட்டில் தடவிப் போய் மின்சார ஆபீசுக்கு ஃபோன் போட்டிருக்கிறார்.

"சாரே, நான் இதுவரைக்கும் உம்மகிட்ட கரண்ட் கேட்டதுண்டா? இன்னைக்கு ஒண்ணு சீக்கிரம் தாரும். மேடையில நம்ம பிள்ளைகளாக்கும்... இல்ல சாரே, இருட்டுலயும் நல்லாத்தான் பாடுதானுவ, அதுக்குச் சொல்லல. ஒருத்தன் அடுத்த ஆழ்ச்ச துபாய் போறான். போறதுக்கு முன்ன அவன் மூஞ்சிய நாலு பேரு வெளிச்சத்துல பாக்கண்டாமா?"

செல்வன் அடுத்த பாட்டை ஆரம்பிக்காமல் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து வெளியே வந்து, கூட்டம் முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டு எரிந்து விழுந்தார்.

"என்னலே முழிக்கிய? பாடுங்கலே!"

பாடினோம். அந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் எனக்குத் தாளம் தவறியது, கண் சரியாகத் தெரியவில்லை. யாருடைய பிழையையும் விட்டுவைக்காத மனுஷன், கடைசிவரை அதை மட்டும் என்னிடம் சொல்லிக் காட்டவே இல்லை.