நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை, வண்ணார்பேட்டை பார்சல் அலுவலகத்தில் அசன் மைதீன் பெயருக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவர் முகவரி பஹ்ரைன்.

பெட்டியின் மேல் அவருடைய கடை முகவரிதான் இருந்தது. ஆனால் பார்சல் அலுவலகத்தில் எல்லோரும் வேண்டியவர்கள். இவ்வளவு கனத்தை அண்ணாச்சி கடையிலிருந்து வீட்டுக்குச் சுமக்க வேண்டாமே என்று, மேலப்பாளையம் போகிற லோடு ஆட்டோவில் ஏற்றி நேரே வீட்டிலேயே இறக்கிவிட்டார்கள். அசன் மைதீன் மிக்ஸி, குக்கர் கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவதற்குள், அவர் மனைவி மும்தாஜ் பேகம் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்ததையெல்லாம் கூடத்தில் பரப்பியிருந்தாள்.

யானைத் துதிக்கை மாதிரி இரண்டு ரப்பர் குழாய்கள். வாயில் கவ்வுகிற ஒரு துண்டு. இரண்டு காற்றுப் பைகள். ஆக்சிஜன் என்று எழுதிய ஒரு குட்டிச் சிலிண்டர்.

"என்னங்க இது?"

அது ரீப்ரீதர். தண்ணீருக்கடியில் குகைக்குள் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது. விடுகிற மூச்சை வெளியே விடாமல், சுண்ணாம்புக் குருணை வழியாகச் சுத்தம் செய்து, குறைந்துபோன அளவுக்கு ஆக்சிஜனைச் சேர்த்து, மறுபடி நமக்கே தரும். சாதாரண சிலிண்டரென்றால் மூச்சுக் குமிழி போய்க் குகையின் கூரையை முட்டும், மண் உதிரும், வந்த வழி தெரியாது. இதில் குமிழியே கிடையாது.

அசன் மைதீன் ஜித்தாவில் வேலை பார்த்த காலத்தில் முங்கக் கற்றவர். திசையன்விளைப் பக்கம் ஒரு கிணற்றின் அடியில் குகை போகிறது என்று முங்குகிற கூட்டாளி உவரி ஜோன்ஸ் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. எந்த ரீப்ரீதர் வாங்குவது என்று ஒன்றரை வருடமாக விசாரித்துக்கொண்டிருந்தார். மகள் தஸ்மியாவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க அவருக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

அந்த மாப்பிள்ளை ஏர்வாடி ரசீத். தஸ்மியாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பையனுக்கும் அப்படியே. பையனின் வாப்பாதான் பெண் பார்த்துவிட்டுப் போனவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "அவுக வேண்டாம்னா எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க வாப்பா" என்று தஸ்மியா சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில்தான் இந்தப் பெட்டி. இனிக் கடலிலோ கிணற்றிலோ இறங்க மாட்டேன் என்று ஊர் திரும்பிய அன்றே மனைவியிடம் வாக்குக் கொடுத்தவர் அவர்.

"மூச்சுக்கா?" என்று மும்தாஜ் பேகம் தானாகவே கேட்டாள்.

"மூச்சுக்குத்தான்" என்றார். பொய்யில்லை.

"எம்புட்டு நாளா?"

"ஒன்றரை வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்." இதுவும் பொய்யில்லை.

மும்தாஜ் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

அந்தி மஃரிப் தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகச் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஹமீது பீவி என்கிற பெரியம்மா குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க மாமாவுக்கும் இதே மாதிரிதான் குழாய் வச்சாக."

"இப்ப எப்படி இருக்காக?" என்றார் அசன் மைதீன்.

"மவுத்தாயி நாலு வருசம் ஆச்சு. நீங்க திராட்சை எடுத்துக்கிடுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். செருமியதும் இரண்டு பெண்கள் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அதன் பிறகு சொல்ல வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது பெட்டி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதவர் அசன் மைதீன். ஜோன்ஸின் மச்சினன் பஹ்ரைனில் ஒரு முங்கு கம்பெனியில் இருந்தான். போட்டுப் பார்த்து எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு மாதிரிகளை அனுப்பியிருந்தான்.

"இன்னொண்ணு எதுக்குங்க?"

"அது முதுகுல மாட்டுதது. இது நெஞ்சுல மாட்டுதது. எது ஒத்துவரும்னு பாக்கணும்லா."

"அப்ப ரெண்டு பக்கமும் போயிட்டா?" என்று கேட்டு மும்தாஜ் பேகம் அழத் தொடங்கினாள்.

இனி ஆள் வந்து விளக்கினால்தான் சரிப்படும் என்று ஜோன்ஸுக்குப் போன் போட்டார். ஜோன்ஸ் வந்தபோது கூடம் நிறையப் பெண்கள். ஏர்வாடி சம்பந்தத்தைக் கொண்டுவந்த கல்யாணத் தரகர் சபீதாவும் நோய் விசாரிக்க வந்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் "கூட முங்குகிறவன்" என்று எப்படிச் சொல்வது? "மிஷினப் பத்தித் தெரிஞ்சவரு" என்று அறிமுகம் செய்தார். ஆஸ்பத்திரி ஆள் என்று எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நாற்காலி கொடுத்தார்கள்.

ஜோன்ஸுக்குச் சூழ்நிலை விளங்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இந்தப் பெருசு நல்ல மிஷினு. ஆக்சிஜன் குறைஞ்சா ஊரக் கூட்டிரும். ஆனா உடம்பு பெருசு. நம்ம பொந்துக்குள்ள போவாது."

"சின்னது?"

"சின்னது போவும். திரும்பி வருமாங்கதுதான் தெரியல. பழசு. கத்த வேண்டிய நேரத்துல கத்தாது. மாட்டியிருக்கவனுக்கு ஒரு வலியும் தெரியாது. பைய உறக்கம் வரும், அம்புட்டுதான்."

கூடத்தில் ஹமீது பீவி, சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓத ஆரம்பித்தாள்.

"லே, மெதுவாப் பேசு" என்றார் அசன் மைதீன்.

"உள்ளதத்தான அண்ணாச்சி சொல்லுதேன். போட்டுப் பாருங்க."

ரீப்ரீதரை மாட்டியதும் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே மூக்கை மூடி, கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். அது விதி. அசன் மைதீன் விதி தவறாதவர். மொட்டை மாடியில் சின்னதை நெஞ்சில் கட்டி, மூக்கில் கிளிப் போட்டு, குழாயைக் கவ்வி, கண்ணை மூடி உட்கார்ந்தார். அந்தக் கோலத்தில் அவர் கொழுந்தியாள் ஒரு படம் எடுத்து, துஆ செய்யச் சொல்லிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். இஷா தொழுகைக்குள் படம் ஏர்வாடி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சபீதா வந்தபோது அசன் மைதீன் வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

"வேண்டாம்னுட்டாகளா?"

"யாரு சொன்னா? சீக்கிரமா வைக்கணும்ங்காக. அவுகளே இன்னைக்கு வாராக."

மாப்பிள்ளையின் வாப்பா சொன்னபடி வந்தார். இரண்டு மிஷினையும் ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார். பிறகு அசன் மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்ணார்பேட்டைக் கடை யாரு பேருல இருக்கு?"

"எம் பேருலதான்."

"பிள்ளை ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அல்லாஹ் பெரியவன். நிக்காஹத் தள்ளிப் போட வேண்டாம்."

அவர் போன பிறகு வீட்டில் பாயசம் காய்ச்சினார்கள். தஸ்மியா தொடவில்லை.

"வாப்பாவ இப்படி வச்சுக்கிட்டு நான் எங்கனயும் போமாட்டேன். நிக்காஹும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அதற்கு மேல் அசன் மைதீனால் தாங்க முடியவில்லை. மகளையும் மனைவியையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்: கிணறு, குகை, குமிழி, பொந்து. தஸ்மியா பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மும்தாஜ் பேகம் சிரிக்கவில்லை.

"இம்புட்டு ஹார்லிக்ஸையும் யாரு திருப்பிக் குடுக்கது?" என்று மட்டும் கேட்டாள்.

சொந்தக்காரர்களை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சம்பந்தி வீட்டுக்கு நல்ல சேதியைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அல்வா வாங்கி சபீதா கையில் கொடுத்து அனுப்பினார்கள். சேதி இதுதான்: அசன் மைதீனுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், அவருடைய வாப்பா தொண்ணூறு வயது வரைக்கும் சைக்கிள் மிதித்தவர்.

ஏர்வாடியில் அல்வாவை வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. மூன்றாம் நாள் அசன் மைதீன் போன் செய்தார். பையன் மேல்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறான், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. குரல் தளர்ந்திருந்தது. ஏதோ இழவு விழுந்த வீட்டுக் குரல்.

தஸ்மியா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் சண்டை போட்டும் பயனில்லை என்று ரசீத் போனில் சொன்னதை உம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"நீங்க சீக்காளியாவே இருந்திருக்கலாம்" என்றாள் மும்தாஜ் பேகம்.

அசன் மைதீன் காலிப் பெட்டிகளை இழுத்து வந்தார். பெரியதைப் பெட்டியில் வைத்தார். சின்னதையும் வைத்தார். இரண்டையும் பஹ்ரைனுக்கே அனுப்பிவிடு என்று ஜோன்ஸை வரச் சொன்னார்.

"ஒன்றரை வருசம் பாத்தீகளே அண்ணாச்சி" என்றான் ஜோன்ஸ்.

"ஆசப்பட்டது போதும், லே. எம் பிள்ளை சாப்பிட மாட்டேங்குதா. தூக்கு."

ஜோன்ஸ் முதல் பெட்டியை வாசல் வரை கொண்டுபோனபோது சபீதா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"சரின்னுட்டாக. வார வெள்ளிக்கிழமையே நிக்காஹ்."

உள்ளே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"திடீர்னு எப்படி மனசு மாறினாக?" என்றார் அசன் மைதீன்.

"நல்லா இருக்க மனுசனுக்கு அந்த மிஷின் எதுக்குன்னு கேட்டாக. உள்ளதச் சொன்னேன். கிணத்துக்கடியில இருட்டுக் குகை, அதுக்குள்ள முங்கிப் போவாகன்னு. ரெண்டு மிஷினப் பத்தியும் இந்தத் தம்பி சொன்னதையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். அவுக மொகம் அப்படியே தெளிஞ்சிருச்சு."

மும்தாஜ் பேகம் கொடுத்த தண்ணீரைச் சபீதா ஒரு மூச்சில் குடித்து முடித்தாள்.

"நம்ம சீர்வரிசைகூட ஒண்ணும் வேண்டாமாம். அவுகதான் உங்களுக்குச் செய்யுதாகளாம். அந்தச் சின்ன மிஷின அவுகளே வாங்கித் தாராக."