பதினைந்து கோடி டிகிரி மாப்பிள்ளை

பட்டாபிராம்

அன்பும் மதிப்பும் உள்ள நாகப்பன் அண்ணனுக்குத் தங்கை கஸ்தூரி வணங்கி எழுதுவது. நேற்று பெண் பார்க்க வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அருள்மொழி, நீங்கள் சொல்லியனுப்பிய பையன் கௌதம், அவன் அப்பா, அம்மா. படத்தில் இருந்த முருகனையும் சேர்த்தால் ஏழு. போனிலேயே சொல்லியிருப்பேன், அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்.

பையனைக் குறை சொல்லமாட்டேன், கேசரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வடக்கே ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன வேலை என்று நான் கேட்டதுதான் தப்பு. அணுவைப் பிளப்பது இல்லையாம், சேர்ப்பதாம். ஹைட்ரஜனைச் சூடாக்கி அதன் கருக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் சூரியனுக்குள் நடப்பதே இங்கேயும் நடந்து சக்தி வருமாம். எவ்வளவு சூடு என்றேன். "பதினஞ்சு கோடி டிகிரி, அத்தை" என்கிறான், இட்லிப் பானையைச் சொல்வதுபோல. சூரியனின் நடுவயிற்றைவிடப் பத்து மடங்கு! எந்தப் பாத்திரம் தாங்கும் என்றால், பாத்திரத்தைத் தொடவிடாமல் காந்தத்தால் நடுவிலேயே நிறுத்திவைக்கிறார்களாம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "இன்னா மாப்ள, கரண்ட்டு எம்மாம் வர்து?" என்று கேட்க, "இப்போதைக்கு வர்றதைவிடப் போறதுதான் ஜாஸ்தி மாமா" என்றான். தினமும் வரவுசெலவு எழுதுகிறவள் நான், அதையும் பொறுத்துக்கொண்டு, வெடிக்குமா தம்பி என்று மட்டும் கேட்டேன்.

"வெடிக்கவே வெடிக்காது அத்தை. கொஞ்சம் பிசகினா தானா அணைஞ்சிடும்."

அண்ணா, விளக்கைக்கூட அணைந்தது என்று சொல்லாமல் மலையேறியது என்று சொல்கிற வீடு இது. நல்ல காரியம் பேசும்போது, எரிகிற குத்துவிளக்குக்கு எதிரில், எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "அணைஞ்சிடும், அணைஞ்சிடும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என் வீட்டுக்காரர் வேறு, "கேட்டுக்கினியா? அணைஞ்சிடுமாம். பேஜார் ஆவாதே" என்றார். அதிலிருந்து அடுப்பைக்கூட அருள்மொழியைத்தான் பற்றவைக்கச் சொல்கிறேன். என் பெண்ணை அந்தச் சூட்டுக்கும் கொடுக்க முடியாது, அந்தச் சொல்லுக்கும் கொடுக்க முடியாது. அவர்கள் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அண்ணியையும் உங்களையும் சூடு, சுரம் அண்டாமல் முருகன் காக்கட்டும்.

தங்கை,
கஸ்தூரி

பி.கு.: கவர் ஒட்டக் கொடுத்தேன், அருள்மொழி படித்துவிட்டாள். கோபிக்கவில்லை. "சரிம்மா, நீ பயப்படாத வேலை ஒண்ணு சொல்லு, அதுல இருக்கிறவனையே கட்டிக்கிறேன்" என்றாள். யோசித்து யோசித்துப் பார்த்தேன். டிரைவர் என்றால் பெங்களூர் ரோட்டில் தினம் ஒரு விபத்து. டாக்டர் என்றால் ஊர் வியாதியெல்லாம் வீட்டுக்கு வரும். பேங்க் என்றால் கொள்ளைக்காரன் வருவான். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்த ஸ்டோர் வேலைக்கே, அவர் ரிட்டயர் ஆகும்வரை செவ்வாய்தோறும் விரதம் இருந்தவள் நான். ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கௌதம் வீட்டில் சம்மதம் என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் பதில் போடுங்கள்.