ரூல்காரர் குடியேறிய கதை

வெள்ளைத்துரை என்ற பெயரை ஜெயக்கொடி முதன்முதலில் கேட்டது, அவளைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா, பையனுக்கு நிலம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. "பயலுக்கு ரூல் அம்புட்டும் தெரியும் தாயி" என்றார். அது என்ன சொத்து என்று அவளுடைய அம்மா முனீஸ்வரிக்கு அப்போது விளங்கவில்லை.

ரூல்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்பவருக்கு எது கிடைக்காது என்று பின்னால் நிற்பவரிடம் சொல்வாரே, அவர்தான். ஏழைகளுக்கு அரசாங்கம் அடுக்குமாடி கட்டுகிறது என்று காதில் விழுந்தால் போதும். சொந்த வீடு இருக்கக் கூடாது, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான், அதுவும் வீட்டில் பொம்பளை இருந்தால் அவள் பேரில்தான், கீழ்த்தளம் நடக்க முடியாதவர்களுக்கு, மற்றவர்களுக்குக் குலுக்கல், விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று வில்லாபுரத்தில் பஸ் ஏறும்போது ஆரம்பித்தவர் தல்லாகுளத்தில் இறங்கும்வரை நிறுத்தமாட்டார். கேட்டது யார்? ஒருவரும் இல்லை.

வெள்ளைத்துரைக்கு இதுவும் போதாது. கால் சரியில்லாத நல்லகாமன் வீடு கேட்டு மனுப் போட்டபோது, நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். "மாமா, அத்தையோட சின்னம்மா மகன் ஆனையூர்ல மாடி வீடு கட்டியிருக்கான்ல, அதைச் சொல்லணுமே?"

"அவன் எங்க கல்யாணத்துக்கே வரல மாப்ள" என்றார் நல்லகாமன்.

அப்படிப்பட்டவர் தன் மனுவென்று வரும்போது சும்மா இருப்பாரா? கல்யாணமாகிக் குடியிருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி யாரும் காலி பண்ணு என்று சொல்லாத வீடு ஒன்று, ஒன்றே ஒன்று, ஜெயக்கொடிக்கு வேண்டும்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுங்கிறான். நாம ரெண்டு குடும்பமாயிட்டா ரெண்டு வீடுல்ல?" என்றார் வெள்ளைத்துரை.

"அப்ப நீங்க யாரு, நான் யாரு?"

"கார்டுல மட்டுந்தான்டி."

ஜெயக்கொடி அம்மாவின் ரேஷன் கார்டுக்குப் போனாள். வெள்ளைத்துரை தனிக் கார்டில் தன்னந்தனியாக நின்றார். குலுக்கலில் ஜெயக்கொடிக்கு மூன்றாம் மாடியில் வீடு விழுந்தது. அவரை மட்டும், "ஒத்த ஆளு குடும்பமாகாதுண்ணே" என்று ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு ரூல் அவருக்குத் தெரியாது.

தெரிந்த ரூல் ஒன்று மிச்சமிருந்தது. வெளியாள் குடியிருந்தால் ஒதுக்கீடு ரத்து. அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்தி வைத்தவரும் அவரே. கார்டுப்படி இப்போது அந்த வெளியாளும் அவரே. மறுபடி ஒரே கார்டில் சேரலாமே என்கிறீர்களா? சேர்ந்தால், பிரிந்தது பொய்யென்று ஆகிவிடும். கிடைத்த வீடும் போய்விடும்.

அதனால் சரிபார்க்க ஆள் வந்தால், கீழ்த்தளத்து வீட்டிலிருந்து நல்லகாமன் குரல் கொடுப்பார்: "மாப்ள, ரூல் வருது!" மாமியார் முனீஸ்வரி செருப்பை எடுத்து நீட்டுவாள். அவர் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

ஒருமுறை வந்தவர் துணி காயும் கொடியைப் பார்த்து, "இந்தக் கைலி யாருதும்மா?" என்றார்.

"விருந்தாளிது" என்றாள் முனீஸ்வரி.

"எப்ப போவாரு?"

"அதுக்கு ஏதாச்சும் ரூல் இருக்காய்யா?"

இதைப் படிக்கையிலேயே, 'அட, இதுக்கு வேறொரு வழி இருக்கே' என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டதா? பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்துரை இப்போது கட்டடத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் இருக்கிறார். பக்கத்தில் இடம் இருக்கிறது.