மேற்பாதிக்கு ஒப்புதல்

நூற்று இரண்டு மணி நேரம். இவ்வளவு குறுகிய காலத்தில் பதினொரு மொழி பேசும் மக்களையும் சரிசமமாக நடத்திக் காட்டிய சுகாதாரத் துறை உலகில் எங்களுடையது ஒன்றுதான். அதில் எனக்கும் சிறு பங்கு உண்டு என்பதைக் கூச்சத்துடன் சொல்லிக்கொள்கிறேன். தண்ணீரைச் சோதித்தது நான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. ஆற்றோரக் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் எக்கச்சக்கம். பெரியவர்கள் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கைக்குழந்தைக்கு அதில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், அதன் இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். இரண்டே வரியில் எழுதி இயக்குநர் மேடத்திடம் கொடுத்தேன்: "இந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சியும் கொடுக்காதீர்கள்."

மேடம் படித்துவிட்டு வருத்தப்பட்டார். "ஒரு வணக்கம்கூட இல்லையேம்மா."

அன்று பிற்பகலே "மொழிச் சமத்துவக் குழு" கூடியது. குடியிருப்பில் பதினொரு மொழிகள் பேசப்படுகின்றன. ஒரு மொழிக்காரருக்கு முதலிலும் இன்னொருவருக்குப் பிறகும் சொன்னால் அது பாகுபாடு. ஆகவே பதினொன்றும் தயாராகும் வரை யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று ஒருமனதாக முடிவானது. வாயால் சொல்வதும் இதில் அடங்கும் என்று மொழி அலுவலர் சேர்த்துக்கொண்டார். அதிகம் பேசாதவள் என்பதால், இந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று மேடம் பாராட்டினார்.

செவ்வாயன்று என் இரண்டு வரிகளுக்கு "அலுவலக வடிவம்" கிடைத்தது: "மேற்படி நீரானது இளஞ்சிறார் நுகர்வுக்கு உகந்ததாகக் கருதப்படாமலிருக்கக்கூடும், வெப்பமூட்டலும் இந்நிலையை மாற்றுவதாகக் கொள்ளப்படலாகாது." அதற்கு மேலே எட்டு வரியில் ஒரு வாழ்த்து.

புதனன்று மொழிபெயர்ப்பு. எங்கள் துறையின் பெருமையே "திருப்பிப் பார்த்தல்" முறைதான். ஒருவர் மொழிபெயர்ப்பார். இன்னொருவர் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் அதை மறுபடி நம் மொழிக்குக் கொண்டுவருவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பத்து மொழிகளிலிருந்து யாருக்கும் விளங்காத வாக்கியமே பத்திரமாகத் திரும்பி வந்தது. பத்தும் தேறின. பதினொன்றாவதிலிருந்து வந்தது இது: "இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதே. காய்ச்சியும் குடுக்காதே."

மொழி அலுவலர் முகம் வெளிறிவிட்டது. "மூலத்துல இப்படி எங்கயாவது இருக்கா?"

இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். திருத்தச் சொல்லி அனுப்பினார்கள். வியாழனன்று திரும்பி வந்த வாக்கியமும் தெளிவாகவே இருந்தது. அந்த மொழியில் அலுவலக நடை என்று ஒன்று இல்லவே இல்லையாம். மேடம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "பாவம், எவ்வளவு பின்தங்கிப் போயிருக்காங்க."

வெள்ளி மாலை நாலு மணிக்கு வாழ்த்து மட்டும் பதினொரு மொழியிலும் ஒப்புதல் பெற்றது. நிலுவையில் இருந்த கீழ்ப்பாதியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். சமூகத்தின் கருத்தைக் கேட்காமல் எந்த அறிவிப்பும் வெளியே போகக் கூடாது என்பது விதி. சமூகம் அப்போது நடைவழியைப் பெருக்கிக்கொண்டிருந்தது. எங்கள் துப்புரவு அண்ணன் அந்தக் குடியிருப்பில் இருப்பவர், பதினொன்றாவது மொழிக்காரர்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து வாழ்த்தை நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்கு மேடம். எங்கள இவ்வளவு மரியாதையா யாரும் கூப்பிட்டதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த நல்ல வேளையைப் பார்த்து அண்ணன் அனுமதி கேட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பட்டுமா மேடம்? புள்ளைக்கு மூணு மாசம். ரெண்டு நாளா ஒதடு, நகமெல்லாம் நீலம் பூத்த மாதிரி இருக்கு. பால் பவுடர்தான் குடிக்கிறான். அவங்கம்மா பயந்துபோய் தண்ணிய ரெண்டு தடவ, மூணு தடவ காய்ச்சுறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சயின்ஸ் படிச்சவ. இன்னும் எவ்வளவு நேரம் காய்ச்சணும்?"

மொழி அலுவலர் செருமினார்.

"அது கீழ்ப்பாதி விஷயம்," என்றார் தணிந்த குரலில். "இவருக்கு மட்டும் சொன்னா மத்த பத்து மொழிக்காரங்களுக்கும் அநியாயம்."

மேடம் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். என் தகுதியை நினைவுபடுத்துகிறார் என்று புரிந்தது.

எழுந்து நின்ற பிறகுதான் நான் எழுந்துவிட்டது எனக்கே தெரிந்தது. என் குரலை அந்த அறை அதுவரை கேட்டதில்லை.

"காய்ச்சாதீங்க அண்ணா. அந்தத் தண்ணியே வேண்டாம். காய்ச்சக் காய்ச்ச விஷம்தான் ஏறும். புள்ளைய இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. திங்கட்கிழமையே எங்க எல்லாருக்கும் தெரியும்."