தபால் கழுதையும் அரை மணி நேரப் பருந்தும்

ஒரு காட்டில், சிங்கம் இல்லாவிட்டால் அதைக் காடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் சிங்கமும் இருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்ற கழுதை தபால்காரராக இருந்தது. பதினெட்டு வருட சர்வீஸ். மேட்டுக் குகைக்குப் போட்ட கடிதம் முதலில் பள்ளத்துப் புதருக்குப் போய், அங்கே படிக்கப்பட்டு, அலசப்பட்டு, அப்புறம் சாவகாசமாக மேட்டுக்கு வந்து சேரும்.

ஒரு நாள் சிங்கம், தபால் இலாகாவைப் பருந்து கம்பெனிக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. முதலில் ஒரு வாரம் சோதனை ஓட்டம். அது சரியாக நடந்தால் பதினோரு தபால் கழுதைகளும் வீட்டுக்குப் போகலாம். கம்பெனியில் தனக்கு ஏதாவது வேலை உண்டா என்று மாசிலாமணி கேட்கப் போனது. ஒரு படிவத்தை நீட்டினார்கள். முதல் கேள்வி, பறக்கத் தெரியுமா. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். முயற்சி செய்கிறேன் என்று எழுத இடமில்லை.

சங்கச் செயலாளர் எருமை, குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி கண்டனக் கூட்டம் போட்டது. பொதுச்சொத்து, தொழிலாளர் உரிமை என்று ஒன்றரை மணி நேரம் பேசியது. கழுதைகளைத் தவிர வந்தது ஒரு குரங்குதான். அதுவும் சுண்டல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

சோதனை வாரம் தொடங்கியது. எந்தக் கடிதமும் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில். வாங்கினவர் கால்ரேகை வைக்க வேண்டும். வாங்கும்போது எடுத்த போட்டோ, அனுப்பினவருக்கு உடனே போய்விடும். முதல் நாள் காடே கை தட்டியது.

இரண்டாம் நாள் மயிலம்மாவுக்கு நாத்தனார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. எட்டு வருடமாக, "பத்திரிகையே நேத்துதானே கிடைச்சுது அண்ணி" என்று சொல்லித் தப்பித்தவள். இப்போது நாத்தனார் கையில் போட்டோ. போய், மூன்று நாள் மாவாட்டிவிட்டு வந்தாள். முயலின் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதற்குத் தினம் ஒரு பெயர்சூட்டு விழா. கரடி, மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தில் பந்தி பரிமாறியே இளைத்துப்போனது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் மாசிலாமணியின் கொட்டிலுக்கு வந்தார்கள். வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அது எல்லோரும் உட்கார வைக்கோலைப் பரப்பியது.

"நீங்க போயிட்டா நாங்க எதைச் சொல்லிண்ணே வீட்ல இருக்கிறது?" என்றாள் மயிலம்மா.

"பதினெட்டு வருஷம் வெயில் மழை பார்க்காம உழைச்சேனே, அதுக்காக இல்லையா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். கொடி எங்கே வச்சிருக்கீங்க?"

ஊர்வலம் குகையை அடைந்தபோது சிங்கமே வெளியே வந்தது. கையில் மாமியார் கடிதம். தீபாவளிக்கு முன் நேரில் வந்து அழைத்துப் போகவும், பொங்கல் வரை தங்குவதாக உத்தேசம். சிங்கம் கால்ரேகை வைத்து வாங்கியிருந்தது.

"இது உன் பையில் வந்திருந்தால் எனக்கு எப்போது கிடைத்திருக்கும்?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டது. "பொங்கல் கழிஞ்சுதான் ராஜா."

சிங்கம் அங்கேயே ஒப்பந்தத்தைக் கிழித்தது. பதினோரு வேலையும் தப்பின.

மறுநாள் நன்றி தாங்காமல் மாசிலாமணி எல்லாக் கடிதங்களையும் மதியத்துக்குள் பட்டுவாடா செய்து முடித்தது. சாயங்காலமே சங்கத்திலிருந்து அதற்கு மெமோ வந்தது. அவசரம் என்பதால் தபாலில் போடாமல் எருமையே நேரில் கொண்டுவந்து கொடுத்தது.

நீதி: வேலை நிலைக்க வேண்டுமானால் அதை ஒழுங்காகச் செய்து ஊரை நாத்தனாரிடம் மாட்டிவிடாதீர்கள்.