ஒரு ராத்தல் நெஞ்சுக்கறி

"பதினோரு நாளா தெனமும் ஒரு ராத்தல் கறி வாங்குறீகளாமே! கசாப்புக்கடையில சொன்னாக. வீட்டுக்கு ஒரு எலும்புகூட வரலையே, அம்புட்டும் யார் வீட்டு அடுப்புல வேகுது?"

மனைவி ராஜாத்தியின் கேள்விக்கு அய்யாத்துரையிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. தேவாரம் ஊரில் டாக்டர் சங்கரலிங்கத்திடம் கம்பவுண்டர் அவர். மதுரைப் பெரிய டாக்டர் வந்து பார்க்கும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது சங்கரலிங்கத்தின் உத்தரவு.

"ஒரு நோயாளிக்கு..." என்று இழுத்தார்.

"எந்த நோயாளிக்கு?"

"பேரு மறந்துபோச்சு."

"பொம்பளையா?"

அய்யாத்துரைக்கு வேர்த்துவிட்டது. அது போதாதா?

"நாளைக்கு எங்கண்ணன் கர்ணனோட ஆஸ்பத்திரிக்கே வாரேன். அவளையும் பாத்துட்டு அப்படியே பொறந்த வீட்டுக்குப் போறேன்!"

விஷயம் இதுதான். மாடு முட்டினால் சிலருக்கு நெஞ்சுக்குள் காற்று கட்டி நுரையீரலை அமுக்கிவிடும். ஊசி குத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் ஆள் காலி. போன தையில், குத்திய ஊசியைச் சதை அடைத்து, ஒரு வண்டிக்காரர் கண்ணெதிரே செத்துப்போனார். அன்று அய்யாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே அரத்தால் ராவி, பக்கவாட்டில் துளை போட்டு, அடைக்காத ஊசி ஒன்று செய்தார். கால்பந்து பிளாடரை ஊதி, அதன்மேல் நெஞ்சுக்கறியைக் கட்டிக் குத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"குட்டையா இருக்கேப்பா. தடிச்ச ஆளுக்கு எட்டுமா? நாளைக்குக் கொழுப்புள்ள துண்டாப் பாத்து வாங்கிட்டு வா" என்றார் டாக்டர்.

நீட்டினால் வளைகிறது என்றார். தடிமனாக்கினால் வலிக்கும் என்றார். எட்டாம் நாள், "தொடைக்கறியில பாப்பமா?" என்றார்.

"நுரையீரல் நெஞ்சுலதானங்கய்யா இருக்கு?"

"ஆராய்ச்சின்னா எல்லாத்தையும் பாக்கணும்ப்பா."

டாக்டர் சுத்த சைவம். அவர் வீட்டுக்குள் பூண்டுகூட நுழையாது. அதனால் குத்திய கறியைக் கொல்லையில் புதைக்கும் வேலை, ஆஸ்பத்திரி கூட்டும் மாயக்காளுக்கு.

ராஜாத்தி மிரட்டிய மறுநாள், பயத்தில் அய்யாத்துரை கசாப்புக்கடைப் பக்கமே போகவில்லை. சொன்னபடி ராஜாத்தி அண்ணனோடு ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தாள். அதே நேரம் ஒரு மாட்டுவண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது. மாடு முட்டிய வீரபாண்டி. அந்த வட்டாரத்திலேயே தடித்த ஆள். உதடு நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவித்தார்.

அய்யாத்துரை கைக்கு அகப்பட்ட ஊசியை எடுத்து நீட்டினார். டாக்டர் குத்தினார். புஸ்ஸ்ஸ்! கொஞ்ச நேரத்தில் வீரபாண்டி கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார்.

"இந்த ஊசியத்தான் இத்தன நாளா கறியில குத்திக் குத்திப் பாத்தோம்" என்றார் அய்யாத்துரை. ராஜாத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா கறி? சொல்லித் தொலைச்சா என்னவாம்! கூறுகெட்ட மனுசன்" என்று சிரித்தாள்.

அய்யாத்துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் கழற்றிய ஊசியை உற்றுப் பார்த்தார்.

"அய்யா! இது நான் மொத நாள் செஞ்ச குட்டை ஊசியில்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கொல்லைப்பக்கமிருந்து மாயக்காள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் கம்பவுண்டரய்யா, இன்னைக்குக் கறி வரலையா? டாக்டரய்யாவுக்கு மசாலா அரைச்சு வச்சு ஒரு நாழியாச்சே!"