முடிவுகள்: பூஜ்யம்

காணாமல் போன மனைவியின் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்த்தார். ‘முடிவுகள்: பூஜ்யம்’ என்றது திரை.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். போலீஸ் விசாரணையில் ஒரு கணவன் பேசிய வீடியோத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளே கிடக்கின்றன. ஒரு வார்த்தை கொடுத்தால், அதை அவன் சொன்ன துண்டுகள் மட்டும் வரும். அவன் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்த பைத்தியம். நாற்காலியிலேயே தூங்கி, நாற்காலியிலேயே விழித்து, ஞாயிறு காலையும் ஆகிவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்தும் அவருக்கு ‘ஒற்று’ என்றே பட்டப்பெயர். ஆயிரம் பக்கத்தில் ஓர் ஒற்று காணாமல் போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இந்தப் பயலா தப்பிப்பான்?

“இந்தாம்மா, காபி!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

காபி வரவில்லை. கோபம் போலிருக்கிறது. பிஸ்கட்டைக் கடித்தபடி யோசித்தவர் சட்டென்று தொடையில் தட்டினார். எந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிப் பேசுகிறான்? ‘அவ’ என்று கொடுத்தார். முடிவுகள்: இருநூற்றுப் பதினொன்று!

அந்தக் குஷியில் கை பட்டு, தண்ணீர் டம்ளர் கீபோர்டில் கவிழ்ந்தது. அதன்பின் ஓர் எழுத்தும் விழவில்லை. நல்லவேளை, மைக்கில் சொன்னாலும் தேடும்.

“விஷம்!” என்றார். “புதைச்சேன்!”

மாடி வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “சார், எல்லாம் சரிதானே?”

“ஒண்ணுமில்ல சார்!”

ஜன்னலை மூடித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். மெதுவாகச் சொன்னால் மைக்குக்குக் காது கேட்கவில்லை. கடுப்பில் அடிவயிற்றிலிருந்து கத்தினார். “பொணம்! பரண்! பொணம்!”

கால் மணி நேரத்தில் வாசலில் போலீஸ்காரர்.

“மாடியிலேருந்து போன் வந்துச்சு. வீட்ல வேற யாரு இருக்கா?”

“என் சம்சாரம் இருக்கா சார். இந்தாம்மா, கொஞ்சம் வா!”

போலீஸ்காரர் சமையலறையை எட்டிப் பார்த்தார். அடுப்பு காய்ந்து கிடந்தது.

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“காலையில காபி குடுத்தா...” சொன்ன பிறகுதான் உறைத்தது. அது திரையில் இருப்பவன் சொன்ன பதில். “இல்ல சார், அது அவன் சொன்னது.”

“எவன்?”

“கேம்ல ஒருத்தன் சார். அவனும் பொண்டாட்டிய...”

“அவனும்னா?”

போலீஸ்காரர் பரணில் டார்ச் அடித்தார். படுக்கையறை, குளியலறை, பால்கனி எங்கும் அவள் இல்லை.

“அவங்களுக்கு போன் போடுங்க.”

போட்டார். ஃபிரிட்ஜ் மேல் சார்ஜரில் கிடந்த போன் அடித்தது. வாசலில் அவள் செருப்பைக் காணோம்.

அவர் நாளை எண்ணிப் பார்த்தார். கடைசியாகக் காபி குடித்தது எப்போது? வெள்ளிக்கிழமை! ஐயோ, எங்கே போனாள்? விளையாட்டு, போலீஸ் எல்லாம் மறந்துபோயிற்று. வாசலுக்கு ஓடினார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு அக்கா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“எழுந்திரும்மா, வெள்ளிக்கிழமையிலேருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இங்க உக்காந்திருந்தே... மனுஷன் கரெக்டா தேடிட்டாரு!”